சீலிங்கில் தண்ணீர்க் கசிவு: மேல்வீடா, பைப்பா, எப்படிக் கண்டுபிடிப்பது?

செந்தூல்வாசி:
வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் கொண்டோ (அடுக்குமாடி) வீடு. குளியலறைக்கு வெளியே பிளாஸ்டர் சீலிங்கில் பழுப்புக் கறை, சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவிவிட்டது. காலையிலும் இரவிலும் சொட்டுகிறது, மதியம் நின்றுவிடுகிறது. மேல்வீட்டார் தங்கள் பைப்பில் கோளாறே இல்லை என்கிறார்கள். கட்டட மேனேஜ்மென்ட், "நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறது. கீழிருந்தே பியூ (விரிசலை அடைக்கும் பாலியூரித்தேன்) இன்ஜெக்‌ஷன் போட்டால் போதும் என்கிறார் கண்டிராக்டர். போடலாமா?

குழாய்வேலை:
இப்போதைக்கு வேண்டாம். முதலில் அந்தப் பக்கத்து விளக்கின் சுவிட்ச்சை டிபி பெட்டியிலேயே (வீட்டின் மெயின் மின்பெட்டி) இறக்கிவிடுங்கள். சீலிங் தொங்கினால் உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறது. வாளி வைத்து, ஸ்குரூடிரைவரால் சின்ன ஓட்டை போட்டு வடித்துவிடுங்கள். விட்டுவைத்தால் பலகையே பெயர்ந்து விழும்.

சொட்டும் நேரம்தான் துப்பு. குடிநீர்க் குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும், அது உடைந்தால் இரவு பகல் பாராமல் சொட்டும். மழைக்குப் பிறகு மட்டும் வந்தால் வெளிச்சுவர் விரிசல். ஏர்கோன் (ஏசி) ஓடும்போது மட்டும் வந்தால் வடிகுழாய் அடைப்பு. உங்களுடையது குளிக்கும் நேரத்தில் வருகிறது. ஆகவே மேல்வீட்டுக் குளியலறைத் தரையின் நீர்த்தடுப்புப் பூச்சு, அல்லது தரை வடிகால் இணைப்பு. "பைப்பில் கோளாறு இல்லை" என்று அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தண்ணீர் மீட்டர் ஓடாது, பில் ஏறாது, அதனால் அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

உறுதிசெய்ய: மேல்வீட்டில் எல்லாக் குழாயையும் மூடி, மீட்டர் முள் நகர்கிறதா என்று ஒரு மணி நேரம் பாருங்கள். நகராவிட்டால் தரை வடிகாலை இறுக்கமாக அடைத்து, 25 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி, சமையல் சிவப்புச் சாயம் கலந்து 24 மணி நேரம் விடுங்கள். கீழே சிவப்பு இறங்கினால் பூச்சு போய்விட்டது. இறங்காவிட்டால் தண்ணீரைத் துடைத்தெடுத்து, வேறு நிறத்தை வடிகாலுக்குள் நேராக ஊற்றுங்கள். அது வந்தால் இணைப்பில்தான் கோளாறு.

பியூ, கான்கிரீட் விரிசலுக்குள் நுரைத்து அடைக்கும். மேலே பூச்சு செத்திருந்தால் தண்ணீர் வேறு இடம் பார்த்து இறங்கும். சரியான வேலை டைல்ஸை உடைத்து, இரண்டு கோட் பூச்சு, சுவரில் குறைந்தது 150 மில்லிமீட்டர் ஏற்றி அடிப்பது. வடிகால் வாயைச் சுற்றியும் தரையும் சுவரும் சேரும் மூலையிலும்தான் பெரும்பாலும் பிய்யும், அங்கே வலை வைத்துப் பூசச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் மறுபடியும் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்க்காத கண்டிராக்டருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஸ்ட்ராட்டா கணக்கு:
மேனேஜ்மென்ட் அப்படிக் கைகழுவ முடியாது. மலேசியாவின் 2013 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடிக் கட்டட) நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த 2015 விதிமுறைகளில் மாடிக் கசிவுக்கென்றே தனிப்பகுதி இருக்கிறது. எழுத்து மூலம் புகார் கொடுங்கள், வாய்ப்பேச்சு கணக்கில் வராது. 7 நாளுக்குள் அவர்கள் வந்து பார்க்க வேண்டும். பிறகு 5 நாளுக்குள் பாரம் 28-இல் காரணத்தையும் யார் பொறுப்பு என்பதையும் எழுதிச் சான்று தர வேண்டும். வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை கோளாறு மேல்வீட்டில்தான் என்பதே சட்டத்தின் அனுமானம். சான்று கிடைத்த 7 நாளுக்குள் மேல்வீட்டார் பழுதுபார்க்காவிட்டால் மேனேஜ்மென்ட் செய்து அவர்களிடம் செலவை வசூலிக்கலாம். அதுவும் நடக்காவிட்டால் ஸ்ட்ராட்டா தீர்ப்பாயம். படங்களை நாளும் நேரமும் தெரிய எடுத்து வையுங்கள்.

செந்தூல்வாசி:
நன்றி அண்ணன். இன்றே எழுதிக் கொடுக்கிறேன். ஈரத்தை எப்படிக் காயவைப்பது? சன்னலைத் திறந்து வைத்தால் போதுமா?

பினாங்கு_அக்கா:
போதாது தம்பி. நம் ஊர் ஈரக்காற்றில் சன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளேதான் வரும், மழை நாளில் சொல்லவே வேண்டாம். கசிவு நின்றதும் மூடிவிட்டு, ஏர்கோனை டிரை மோடில் போட்டு ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள். 24 முதல் 48 மணி நேரத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். ஊறித் தளர்ந்த பிளாஸ்டர் பலகையை வெட்டி எறியுங்கள், அது தேறாது.

காய்ந்ததா என்று பார்க்க, கான்கிரீட்டில் பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் பெயிண்ட் அடிக்காதீர்கள். காய்ந்த பிறகும் முதலில் எண்ணெய் சார்ந்த பிரைமர் அடியுங்கள், இல்லையென்றால் பழுப்புக் கறை எமல்ஷனைத் தாண்டி வெளியே வரும்.

சொட்டும் தண்ணீரில் நாற்றம் இருந்தால் அது கழிவுநீர், வேறு கதை. கையுறை போட்டுச் சோப்புத் தண்ணீரில் கழுவிய பிறகுதான் குளோராக்ஸ் (பிளீச்). கழிப்பறை கழுவும் ஆசிட்டை அதோடு கலக்கவே கூடாது, விஷவாயு வரும். அந்தத் தண்ணீர் பட்ட மெத்தையையும் கார்ப்பெட்டையும் வீசிவிடுங்கள்.