ஒன்பதாம் மாத ஊசி: போடலாமா, தள்ளிப் போடலாமா?

செம்பருத்தி:
பையனுக்கு அடுத்த வாரம் ஒன்பது மாதம் முடிகிறது. தட்டம்மை ரூபெல்லா ஊசிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். மூன்றரை மாதத்தில் பென்டா (ஐந்து நோய்க்கான ஊசி) போட்ட அன்று ராத்திரி முழுக்கக் காய்ச்சல், தொடை கல் மாதிரி வீங்கிவிட்டது. விடிய விடியத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர் அவர்தான். "மணல்வாரி, அதான் தட்டம்மை, எனக்கும் வந்தது, வேப்பிலையில் படுத்தேன், தண்ணீர் ஊற்றினார்கள், எழுந்து விளையாடப் போய்விட்டேன்" என்கிறார். மாமியாரும் அந்தக் கட்சிதான். என்ன செய்ய?

மூலிகைத் தோட்டம்:
அவர் பேச்சைத் தள்ளிவிடாதீர்கள் சகோதரி. கேள்வி கேட்டாலே முட்டாள் என்கிறார்கள். ராஜாஜி முட்டாளா? 1955ல் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யை எதிர்த்துத் தனிப் புத்தகமே போட்டார். செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968ல் தொடங்கி லட்சக்கணக்கான பேரை வைத்து அதே ஊசியைச் சோதித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்றுதான் முடிவு வந்தது. ஆனாலும் இன்றுவரை பிறந்த குழந்தைக்கெல்லாம் இடது கையில் அந்தத் தழும்பு. 2008ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், இமாச்சலத்துக் கசௌலி ஆய்வு நிலையம் என்று தடுப்பூசி தயாரித்த மூன்று அரசு நிறுவனங்களின் உரிமத்தையும் நிறுத்தி வைத்தார்கள். யாருக்கு லாபம்?

கணக்கு வாத்தியார்:
ஐயா, செங்கல்பட்டுக் கதையைப் பாதியில் இறக்கிவிட்டீர்கள். அந்த ஆய்வை நடத்தியது மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். பலிக்கவில்லை என்று ஊருக்குச் சொன்னதும் அவர்களேதான். மறைக்கிறவன் செய்கிற வேலையா அது? குழந்தைக்கு இன்று பி.சி.ஜி. போடுவது காசநோய் மூளைக்கு ஏறாமல் இருக்க. அதில் அது உதவுகிறது.

குன்னூர் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். 1907லிருந்து இருந்த நிறுவனம். தரவிதியைக் காட்டி நிறுத்தினார்கள், 2010ல் தடையை விலக்கினார்கள். ஆனால் யார் தயாரிப்பது என்பது ஒரு சண்டை, மருந்து வேலை செய்கிறதா என்பது வேறு சண்டை. இரண்டையும் ஒரே இலையில் பரிமாறாதீர்கள்.

புதன்கிழமை நர்ஸ்:
செம்பருத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பி.எச்.சி.) புதன்கிழமைதோறும் ஊசி போட்டு ஓய்வு பெற்றவள் நான். பென்டாவுக்குக் காய்ச்சல் அன்றைக்கே வரும். இது அப்படி இல்லை. பலவீனமாக்கிய உயிருள்ள கிருமி, அதனால் வந்தால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து லேசாகக் காய்ச்சல் வரும், மேலெல்லாம் கொஞ்சம் சிவக்கலாம். அன்று ராத்திரி உங்கள் வீட்டுக்காரர் தூங்கலாம்.

ஏன் ஒன்பது மாதம் என்று கேட்பார். அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அதுவரை பிள்ளைக்குள் இருக்கும். முன்னாடியே போட்டால் அதுவே ஊசியை அடித்துவிடும், சரியாகப் பிடிக்காது. தள்ளிப்போட்டால் அம்மா கொடுத்ததும் தீர்ந்து, ஊசியும் இல்லாமல் பிள்ளை வெறுமனே நிற்கும்.

அப்புறம், மணல்வாரி வந்து எழுந்தவர்தான் கதை சொல்ல இருக்கிறார். நிமோனியாவாகி மூச்சு வாங்கிக்கொண்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். முத்து இறங்கி இரண்டு வாரம் கழித்துக் காதில் சீழோடு வந்ததுகளும் உண்டு. வேப்பிலை கட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? ஊசியையும் போடுங்கள்.

மூலிகைத் தோட்டம்:
அம்மா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் திருவள்ளூரை மறந்துவிட்டீர்களே. 2008 ஏப்ரலில் தட்டம்மை ஊசி போட்ட நாலு பச்சைக் குழந்தைகள் செத்துப்போயின. அந்த அம்மாக்களிடம் போய் "கோடியில் ஒருத்தருக்குத்தான்" என்று சொல்வீர்களா? அமெரிக்காவில் ஊசியால் பாதிப்பு என்றால் இழப்பீடு தர 1986லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே?

புதன்கிழமை நர்ஸ்:
மறக்கவில்லை ஐயா. அந்த வாரம் என் கையே நடுங்கியது. தாய்மார்கள் வாசல்வரை வந்து திரும்பிப் போனார்கள். அதற்குப் பிறகுதான் கிராமத்துத் துணை நிலையங்களில் போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கிற பி.எச்.சி.க்கு மாற்றினார்கள்.

இந்த மருந்து பொடியாக வரும், கூடவே வருகிற நீரில்தான் கலக்க வேண்டும். கலந்த நேரத்தைக் குப்பியில் எழுதணும், நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனால் கொட்டணும். குப்பியில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து சூடு படவில்லை. இரண்டும் ஒரே நிறமானால் தொடக்கூடாது. போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். இதையெல்லாம் கேட்பது உங்கள் உரிமை.

கணக்கு வாத்தியார்:
அந்தப் பயத்துக்கும் விலை கொடுத்தோம். எல்லா ஊசியும் முழுசாகப் போட்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005-06 கணக்கெடுப்பில் சுமார் 81 சதவீதம், 2015-16ல் சுமார் 70. தூரமாக மாற்றியதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். கூலி வேலையை விட்டு எத்தனை அம்மாக்கள் போவார்கள்? தட்டம்மைக்கோ நூற்றுக்கு 95 பேருக்காவது எதிர்ப்புச் சக்தி இருந்தால்தான் பரவுவது நிற்கும். இழப்பீடு பற்றி ஐயா கேட்டது நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

ரயிலடி ராசு:
2017ல் பள்ளிக்கூடங்களில் இதே ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் எங்கள் தெருவே கதறியது. ஆட்டிசம் வருமாமே?

கணக்கு வாத்தியார்:
1998ல் வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் டாக்டர் கிளப்பியது. மொத்தம் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை. 2010ல் அந்தப் பத்திரிகையே திரும்பப் பெற்றது, அவர் டாக்டர் பதிவும் போனது. கட்டுரை போய்விட்டது, ஃபார்வர்டு மட்டும் இன்னும் சுற்றுகிறது.

செம்பருத்தி:
எல்லாவற்றையும் அவரிடம் படித்துக் காட்டினேன். ராஜாஜி, குன்னூர் எதுவும் காதில் ஏறவில்லை. திருவள்ளூர் பற்றி நர்ஸம்மா எழுதியதை மட்டும் போனை வாங்கி இரண்டு தடவை படித்தார். புதன்கிழமை அவரும் வருகிறாராம். குப்பியைக் காட்டச் சொல்லிக் கேட்பாராம். அங்கே திட்டுவார்களா?

புதன்கிழமை நர்ஸ்:
கூட்டத்தில் கேட்டால் கொஞ்சம் முறைப்பார்கள். காலையிலேயே போய்விடுங்கள், ஊசி அட்டையை மறக்காதீர்கள். ஒரு மில்லி வைட்டமின் ஏ மருந்தும் வாயில் தருவார்கள், துப்பிவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூலிகைத் தோட்டம்:
நான் மாறவில்லை. ஆனால் போவதென்று முடிவானால் குப்பியின் தொகுதி எண்ணை (பேட்ச் நம்பர்) அட்டையில் எழுதி வாங்குங்கள் சகோதரி.