கோழிப்பண்ணையில் ஆன்டிபயாடிக் ஆய்வாளருக்கு என்ன வேலை?

சாட்ஸ்வொர்த் வாசகி:
என் மகள் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிக்கிறாள். அங்கே பேராசிரியர் சபிஹா எஸ்ஸாக்கின் ஆய்வுப் பிரிவு, ஆன்டிபயாடிக் பயன்பாட்டையும் அவற்றுக்கு அடங்காத கிருமிகளையும் மனிதர், கால்நடை, சுற்றுச்சூழல் மூன்றையும் சேர்த்து ஆராய்வதாகச் சொன்னாள். நோயாளியின் சளியைச் சோதிப்பது புரிகிறது. கோழிப்பண்ணையிலும் கழிவுநீரிலும் என்ன தேடுகிறார்கள்? இன்னொன்று: காய்ச்சல் தணிந்ததும் என் அம்மா மிச்ச ஆன்டிபயாடிக் மாத்திரைகளை மசாலா டப்பாக்களுக்குப் பின்னால் எடுத்து வைப்பார், வீட்டில் அடுத்து யார் இருமினாலும் அவை அவருக்குப் போகும். இதனால் தீங்கு உண்டா?

ஃபீனிக்ஸ் மருந்தாளர்:
அம்மா, ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் திறன் பெறுவது நோயாளியின் உடல் அல்ல, கிருமி. அந்தத் திறனுக்கான மரபணு பல சமயம் பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையத்தில் இருப்பதால், ஒரு கிருமி அதை வேறு இனக் கிருமிக்கும் கைமாற்றிவிடும். கோலிஸ்டினைப் பாருங்கள். வேறு எந்த மருந்துக்கும் கிருமி அடங்காதபோது மருத்துவர்கள் கையில் எடுக்கும் அம்மருந்து பல நாடுகளில் பன்றிக்கும் கோழிக்கும் தீவனத்தில் கலந்து கொடுக்கப்பட்டது. அதை முறியடிக்கும் எம்சிஆர்-1 மரபணு சீனாவில் கண்டறியப்பட்ட செய்தி 2015இல் வெளியானது. மறு ஆண்டே தென்னாப்பிரிக்காவில் கோழிகளிடமிருந்தும் நோயாளிகளிடமிருந்தும் எடுத்த ஈ.கோலை என்னும் குடல் கிருமிகளில் அது இருப்பது பதிவாயிற்று. பண்ணையிலும் கழிவுநீரிலும் தேடுவது இத்தகைய கிருமிகளையும் மரபணுக்களையும்தான். மனிதருக்கான ஆன்டிபயாடிக்கை மருத்துவச் சீட்டின்றி நான் விற்க முடியாது. ஆனால் 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டப்படி கால்நடைக்கான சில ஆன்டிபயாடிக்குகள் சீட்டில்லாமலே விவசாயிக்குக் கிடைத்து வந்தன. பண்ணைக்கு ஒரு நீதி, மருந்துக் கடைக்கு ஒரு நீதி என்பது எனக்கு இன்றும் உறுத்தலே.

ஓய்வுபெற்ற செவிலி, டர்பன்:
பல மருந்துகளுக்கு அடங்காத நிமோனியாக் கிருமி 1977இல் பதிவானது நம் டர்பனில்தான் என்பதை இளையவர்கள் அறியமாட்டார்கள். டுகேலா ஃபெரி ஊர் மருத்துவமனையில் முக்கிய மருந்துகள் பலவற்றுக்கும் அடங்காத கடும் எதிர்ப்புக் காசநோய் கண்ட 53 பேரில் 52 பேர் இறந்த செய்தி 2006இல் வெளிவந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதற்குமுன் காசநோய் மருந்தையே தொட்டிராதவர்கள். எதிர்ப்புப் பெற்ற கிருமியே அவர்களுக்குத் தொற்றியிருந்தது. ஆகவே மாத்திரையை முடிக்காத நோயாளிமீது மட்டும் பழி போடுவதை நான் ஏற்பதில்லை. காசநோய்க்கு முழுக் காலமும் மருந்து கட்டாயம். ஆனால் சாதாரண நிமோனியா பலருக்கு 5 நாள் மருந்திலேயே குணமாகிறது. நீண்ட நாள் விழுங்கினால் குடலில் உள்ள மற்றக் கிருமிகளும் வீணாக எதிர்ப்புப் பழகும். எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலான இருமல் வைரஸால் வருவது. அதற்கு அந்த மிச்ச மாத்திரை எதுவுமே செய்யாது.

ஃபீனிக்ஸ் மருந்தாளர்:
அக்கா சொல்வது சரி. இந்நாட்டின் 47 தனியார் மருத்துவமனைகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், மருந்தாளர்கள் கேட்டவை எளிய கேள்விகளே: மருந்து தொடங்குமுன் கிருமிச் சோதனைக்கு மாதிரி எடுத்தார்களா, 7 நாளைத் தாண்டிவிட்டதா, ஒரே வேலைக்கு இரண்டு மருந்தா? அதிலேயே ஆன்டிபயாடிக் பயன்பாடு சுமார் 18 விழுக்காடு குறைந்தது.

சாட்ஸ்வொர்த் வாசகி:
இருவருக்கும் நன்றி. டப்பாக்களுக்குப் பின்னால் காலாவதியான அமாக்ஸிசிலின் 9 இருந்தன. கழிவறையில் கொட்டிவிடலாமா?

ஃபீனிக்ஸ் மருந்தாளர்:
வேண்டாம் அம்மா. அந்தக் கழிவுநீரைத்தான் உங்கள் மகளின் பேராசிரியர்கள் சோதிக்கிறார்கள். அருகிலுள்ள மருந்துக் கடையில் திரும்பப் பெற்றுக்கொள்வார்களா என்று கேளுங்கள். எங்கள் கடையில் வாங்கிக்கொள்கிறோம்.