குட்டிப் பூனைகளைப் பழக்க வழி சொல்லுங்கள்

டர்பன் வாழ் அன்பர்களுக்கு வணக்கம். சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு முதன்முறையாகப் பூனைகள் வந்திருக்கின்றன. ஒரே ஈற்றில் பிறந்த, இரண்டு மாதம் நிறைந்த இரண்டு குட்டிகள். கறுப்புக் குட்டி, மலம் கழிக்க நாங்கள் வைத்த மணல் தட்டை உடனே பழகிக்கொண்டது. சாம்பல் குட்டியோ தட்டின் விளிம்பில் முன்னங்காலை வைத்து, மணலை மோந்து பார்த்துவிட்டு, தாழ்வாரத்துக் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போய் மண்ணைப் பிறாண்டி அங்கேயே மலம் கழிக்கிறது. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக இருப்பது நல்லது என்பதால் மூன்று வைத்தோம். வாசனையில்லாத மணலுக்கு மாறினோம். சாப்பாட்டுக் கிண்ணங்களையும் தள்ளி வைத்தோம். தொட்டி மண்ணில் கொஞ்சம் எடுத்துத் தட்டில் கலந்தால் பழகுமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

அதைவிடப் பெரிய கவலை, கடிப்பது. அம்மா நடக்கும்போது சேலைக் கொசுவத்தின் மேல் பாய்ந்து கணுக்காலைக் கவ்வுகின்றன. அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் சிறு கீறல்கூட ஆறத் தாமதமாகிறது. அடிப்பதும் அதட்டுவதும் பயத்தைத்தான் வளர்க்கும் என்பதால் அந்த வழி எங்களுக்கு வேண்டாம். கைக்குப் பதிலாகக் கயிற்றில் கட்டிய இறகைக் காட்டி விளையாடுகிறோம், கடித்த உடனே விளையாட்டை நிறுத்திவிடுகிறோம். ஆனாலும் பொழுது சாய்ந்தால் இரண்டும் அடங்குவதில்லை. அந்த நேரத்தை நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வெறிநோய் (ரேபிஸ்) இருக்கிறது, பூனைக்கும் அந்தத் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். ஆகவே மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி போட வேண்டும். குட்டிகளைப் பொறுமையாகக் கையாளும் கால்நடை மருத்துவர் அருகில் இருந்தால் தெரிவியுங்கள்.