அமெரிக்காவிலிருந்து வந்த ரெக்கார்டு பிளேயர்: எல்லாப் பாட்டும் இரண்டு கட்டை இறங்கிக் கேட்கிறது, உதவி தேவை

வடவள்ளிக்காரன்:

வணக்கம். அப்பா சேர்த்த எல்.பி., ஈ.பி. தட்டுகள் ஒரு பீரோ நிறைய வீட்டில் இருக்கின்றன. பெரும்பாலும் எச்.எம்.வி. கம்பெனி, கொஞ்சம் இன்ரிகோ, எண்பதுகளில் வாங்கிய எக்கோ தட்டுகள் சில. வீட்டில் இருந்த பிளேயர் ஓடாமல் போய் ரொம்ப வருஷம் ஆகிறது. இப்போது பெரியப்பா நியூஜெர்சியை விட்டு நிரந்தரமாக ஊருக்கு வந்துவிட்டார். அங்கே எழுபதுகளில் வாங்கிய தன் டர்ன்டேபிளை என்னிடம் கொடுத்தார். பெல்ட் டிரைவ் (மோட்டார் ரப்பர் பெல்ட்டால் தட்டைச் சுற்றும்), நிமிடத்துக்கு 33 சுற்று (எல்.பி.க்கு), 45 சுற்று (ஈ.பி.க்கு) என இரண்டு வேகம், ஊசியைக் கையால் வைத்து எடுக்கும் வகை. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டுத்தான் ஓட்டுகிறேன். பெல்ட்டும் ஊசியும் புதிதாக மாற்றியாயிற்று.

தட்டு சீராகச் சுற்றுகிறது, சத்தமும் தெளிவு. ஆனால் பாட்டு மந்தமாக இருக்கிறது. அம்மா வீணை வாசிப்பவர். ஒரு கச்சேரி எல்.பி. போட்டதும், "இது இவங்க சுருதியே இல்லையே. 5 கட்டையில பாடறவங்க 3 கட்டையில நிக்கறாங்க" என்றார். (கட்டை என்றால் பாடுபவரின் ஆதார சுருதி எவ்வளவு உயரம் என்பது.) சுருதிப் பெட்டியை வைத்துப் பார்த்தோம், அப்படியேதான் இருக்கிறது. அதே கச்சேரி போனில் 5 கட்டையில் கேட்கிறது. எந்தத் தட்டைப் போட்டாலும் இதே அளவு இறக்கம். பெண் குரல் எல்லாம் கனத்துப் போய், தாளம் இழுத்துக்கொண்டு வருகிறது.

டிரான்ஸ்பார்மர் போதவில்லையா, மோட்டார் தேய்ந்துவிட்டதா? இந்தத் தட்டுகளை அம்மா மறுபடியும் கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. இன்னொன்று, சவுண்ட்பாரின் ஆக்ஸில் (வெளிச் சாதனத்தை மாட்டும் துளை) கொடுத்தால் சத்தம் ரொம்பக் கம்மி, கூடவே ஒரு "ம்ம்ம்" இரைச்சல்.

டவுன்ஹால் ரேடியோஸ்:

பெல்ட் வழுக்கினால் இப்படி வரும். புதிது என்றாலும் அளவு சரியாக இருக்காது. இல்லாவிட்டால் டிரான்ஸ்பார்மரை 300 வாட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

அரக்குத்தட்டு:

அவசரப்பட்டு எதையும் வாங்க வேண்டாம். பெல்ட் வழுக்கினால் சுருதி ஒரே இடத்தில் நிற்காது, ஆடும். இவருக்கு எல்லாத் தட்டிலும் ஒரே அளவு இறக்கம் என்கிறார். அந்தச் சொல்தான் முக்கியம்.

தம்பி, இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். தட்டின் ஓரத்தில் சின்னத் துண்டு காகிதம் ஒட்டி, ஊசியை வைத்துப் பாடவிட்டு, 30 சுற்றுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று போன் கடிகாரத்தில் எடுங்கள். 33⅓-ல் சரியாக 54 விநாடி வர வேண்டும். அப்புறம் பிளேயரின் அடியில் ஒரு தகடு இருக்கும், அதில் எழுதியிருப்பதை அப்படியே போடுங்கள்.

வடவள்ளிக்காரன்:

எடுத்தேன் ஐயா. 30 சுற்றுக்கு 65 விநாடி. திரும்ப எடுத்தாலும் அதேதான். தகட்டில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 10 வாட் என்று இருக்கிறது.

ஈயப்பற்று:

விடை தகட்டிலேயே இருக்கிறது. அந்த 60 ஹெர்ட்ஸ்தான்.

இந்த மாதிரி பிளேயரில் இருப்பது சிங்க்ரனஸ் மோட்டார். அதன் வேகத்தை வோல்டேஜ் முடிவு செய்வதில்லை, கரண்ட் விநாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதுதான் முடிவு செய்யும். அமெரிக்காவில் 60, நம் ஊரில் 50. டிரான்ஸ்பார்மர் 230-ஐ 110 ஆக இறக்கும், ஹெர்ட்ஸைத் தொடவே தொடாது. 300 வாட் என்ன, 3000 வாட் போட்டாலும் இந்த மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 33⅓-ல் ஆறில் ஐந்து பங்கு 27.8 சுற்று. 54 விநாடி ஆக வேண்டியது 64.8 ஆகும், நீங்கள் எடுத்தது 65. சுருதியில் இது மூன்று அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான இறக்கம். ஆர்மோனியத்தில் 5 கட்டையிலிருந்து கறுப்பு, வெள்ளை இரண்டையும் எண்ணி மூன்று கீ தள்ளிக் கீழே வாருங்கள்: நாலரை, 4, 3. உங்கள் அம்மா எந்தக் கருவியும் இல்லாமல் காதாலேயே அளந்து சொல்லிவிட்டார். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய கம்பிச்சுருள் 50-ல் ஓடும்போது அதிகக் கரண்ட் இழுக்கும். மோட்டார் சூடாகும். தீர்வு கிடைக்கும்வரை மணிக்கணக்கில் ஓட்ட வேண்டாம்.

காயல் கரை:

இது அமெரிக்கப் பெட்டிக்கு மட்டும் வரும் சிக்கல் இல்லை. சவுதியிலும் 60 ஹெர்ட்ஸ்தான். எங்கள் வாப்பா ஜித்தாவில் வாங்கி வந்த பிளேயர் 220 வோல்ட் என்பதால் டிரான்ஸ்பார்மர் இல்லாமலே ஓடியது, ஆனால் பாட்டு இழுத்தது. துபாய், குவைத்திலிருந்து வந்த பெட்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கே 50. எங்களுடையதில் மோட்டார் தண்டில் பெல்ட் ஓடுவதற்கு 50, 60 என்று இரண்டு படி இருந்தது, பெல்ட்டை மாற்றிப் போட்டதும் சரியாகிவிட்டது. ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60 என்பதால் அந்த ஊர்ப் பெட்டிகள் பலவற்றில் இரண்டுக்கும் வழி வைத்திருப்பார்கள். உங்களுடையதில் அப்படி ஏதாவது படி இருக்கிறதா பாருங்கள்.

வடவள்ளிக்காரன்:

பார்த்தேன் அண்ணா. இரண்டே படிதான், 33-க்கு ஒன்று, 45-க்கு ஒன்று. அப்படியானால் 45-ல் போட்டு ஓட்டினால் ஓரளவு நெருங்கி வராதா?

ஈயப்பற்று:

வராது. 45-ல் ஆறில் ஐந்து பங்கு 37.5. எல்.பி.க்கு அது எட்டில் ஒரு பங்கு வேகம் அதிகம். இப்போது இறங்கிக் கேட்கும் பாட்டு அப்போது இரண்டு அரைச்சுரம் ஏறிக் கேட்கும்.

மூன்று வழி இருக்கிறது. ஒன்று, கம்ப்யூட்டரில் பதிவு செய்து ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் வேகத்தை 1.2 மடங்கு ஆக்குவது. கைச்செலவு இல்லை, ஆனால் தட்டைச் சுற்றவிட்டு எதிரில் உட்கார்ந்து கேட்கும் சுகம் போய்விடும். அதற்கு போனிலேயே கேட்டுவிடலாம்.

இரண்டாவது, 60 ஹெர்ட்ஸ் கரண்டையே தயாரிப்பது. அமெரிக்காவில் விற்கும் 12 வோல்ட் கார் இன்வெர்ட்டர் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் தரும். ப்யூர் சைன் வேவ் (சீராக வளையும் அலை) என்று போட்டிருக்க வேண்டும். மாடிஃபைட் சைன் வேவ் (படிப்படியாக ஏறி இறங்கும் அலை) கொடுத்தால் மோட்டார் உறுமும், அந்த உறுமல் ஊசி வழியாகப் பாட்டிலும் ஏறும். நம் வீட்டு யூ.பி.எஸ். உதவாது, அதுவும் 50 ஹெர்ட்ஸ்தான் தருகிறது.

மூன்றாவது, மோட்டார் தண்டில் பெல்ட் ஓடும் சின்னச் சக்கரமான புல்லியைப் பெரிதாக்குவது. மோட்டார் மெதுவாகவே சுற்றட்டும், புல்லி பெரிதாக இருந்தால் தட்டு சரியான வேகத்துக்கு வந்துவிடும். நிரந்தரத் தீர்வு இதுதான். நீங்கள் இருப்பது கோயம்புத்தூர், லேத்துக்கா பஞ்சம்?

வடவள்ளிக்காரன்:

பெரியப்பா சாமான்களில் காரில் ஊர் சுற்றும்போது பயன்படுத்திய இன்வெர்ட்டர் ஒன்று கிடந்தது. ப்யூர் சைன் வேவ் என்றே அட்டையில் இருக்கிறது. தனியாக ஒரு கார் பேட்டரியில் மாட்டி ஓட்டினேன்.

30 சுற்றுக்கு 54 விநாடி.

அம்மா சுருதிப் பெட்டியை 5 கட்டையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தம்புரா சத்தம் தட்டிலிருந்து வந்ததும் இரண்டும் ஒட்டிக்கொண்டன. "இப்பதான் அவங்க வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு பக்கம் முழுக்க அசையாமல் உட்கார்ந்து கேட்டார். எல்லோருக்கும் நன்றி.

ஒரே குறை, இன்வெர்ட்டரின் ஃபேன் சத்தம். ஆலாபனையில் நன்றாகக் கேட்கிறது. அதனால் புல்லிக்கே போய்விடலாம் என்று இருக்கிறேன். இப்போது இருக்கும் விட்டத்தை 1.2-ஆல் பெருக்கிக் கடையச் சொன்னால் போதுமா?

பீளமேடு லேத்:

போதாதுங்க. பெல்ட்டின் தடிமனையும் சேர்க்க வேண்டும். இழுவை நடப்பது புல்லியின் மேல்பரப்பில் இல்லை, பெல்ட்டின் நடுக்கோட்டில். அதனால் விட்டத்தோடு ஒரு பெல்ட் தடிமனைக் கூட்டி, 1.2-ஆல் பெருக்கி, திரும்ப அந்தத் தடிமனைக் கழிக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, பழைய புல்லி 10 மி.மீ., பெல்ட் 0.6 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 10.6-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 12.72. அதில் 0.6 போனால் 12.12. வெறுமனே 12 என்று கடைந்தால் தட்டு ஒரு சதவீதம் மெதுவாகச் சுற்றும். பம்ப்செட் புல்லி என்றால் அதைக் கண்டுகொள்ள மாட்டோம், உங்கள் வீட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அளவை வெர்னியரில் எடுக்காதீர்கள், மைக்ரோமீட்டரில் எடுங்கள். பழைய புல்லியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒவ்வொரு படியும் நடுவில் லேசாகப் புடைத்திருக்கும். பெல்ட் மேலும் கீழும் நழுவாமல் நடுவில் நிற்பது அந்தப் புடைப்பால்தான். அளவை அந்த உச்சியில் எடுக்க வேண்டும், புதியதிலும் அதே புடைப்பு வேண்டும். 33, 45 இரண்டு படியையும் ஒரே பிடியில், தண்டு ஓட்டையோடு சேர்த்துக் கடையச் சொல்லுங்கள். கழற்றி மாட்டினால் மையம் விலகிவிடும். மையம் துளி விலகினாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதி நடுங்கும், வீணையின் நீண்ட நாதத்தில் அது முதலில் தெரியும்.

அலுமினியமே போதும்.  முதலில் 12.2-க்கு விட்டுவிட்டு, வேகம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது நல்லது. குறைக்கலாம், கூட்ட முடியாது. பெல்ட் மாற்ற வேண்டியதில்லை, இந்த வித்தியாசத்துக்கு அது இழுத்துக்கொள்ளும்.

அரக்குத்தட்டு:

வேகம் பார்க்க ஸ்ட்ரோப் வட்டம் (ஓரம் முழுக்கக் கோடு போட்ட வட்டத் தாள்) அச்சடித்துக்கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸ் ஊரில் 33⅓-க்கு 180 கோடு இருக்க வேண்டும். 216 கோடு என்றால் அது 60 ஹெர்ட்ஸ் ஊருக்கானது, நம் வெளிச்சத்தில் தவறாகக் காட்டும். பழைய சோக் வைத்த டியூப்லைட் அடியில் வைத்துச் சுற்றவிட்டால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்கும். எல்.இ.டி. பல்பு பலதில் இது தெரியாது.

அப்புறம் உங்கள் இரண்டாவது கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை. ஊசியைத் தாங்கும் காந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், ஆக்ஸ் எதிர்பார்ப்பது பல நூறு. நடுவில் ஒரு போனோ ப்ரீஆம்ப் வேண்டும். அது சத்தத்தைக் கூட்டுவது மட்டும் இல்லை. தட்டில் பாட்டை வெட்டும்போது பாஸை (கனத்த கீழ் ஒலி) குறைத்து, கீச்சு ஸ்தாயியைத் தூக்கித்தான் வெட்டுவார்கள், பள்ளம் அகலமாகிவிடாமல் இருக்கவும் இரைச்சல் அடங்கவும். எவ்வளவு குறைப்பது, தூக்குவது என்பதற்கு ஐம்பதுகளின் நடுவிலிருந்து ஆர்.ஐ.ஏ.ஏ. (அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம்) அளவுதான் வழக்கம். ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாகத் திருப்பிச் சமன் செய்கிறது. அது இல்லாமல் கேட்டால் மிருதங்கத்தின் தொப்பி (கனத்த இடப்பக்கம்) காணாமல் போய் வலந்தலை (வலப்பக்கம்) மட்டும் டிக்டிக் என்று கேட்கும்.

இரைச்சலுக்கு: பிளேயரிலிருந்து தனியாக ஒரு மெல்லிய ஒயர் தொங்கும், அது எர்த். ப்ரீஆம்பில் இருக்கும் திருகில் முடுக்குங்கள். புல்லி மாற்றிய பிறகும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் தேவைப்படும், அதை ஊசியிலிருந்து எட்ட வையுங்கள். பக்கத்தில் இருந்தால் அதன் காந்தப்புலமே "ம்ம்ம்" என்று ஏறும்.

வடவள்ளிக்காரன்:

மிக்க நன்றி ஐயா. டிரான்ஸ்பார்மரை எட்ட வைத்ததுமே இரைச்சல் பாதி போய்விட்டது. ப்ரீஆம்புக்குச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் எர்த் ஒயரை முடுக்குகிறேன். லேத் அண்ணா, புல்லியை நாளை கழற்றி அளவெடுக்கிறேன்.

பீரோவின் அடித்தட்டில் தாத்தா காலத்துத் தட்டுகள் கனமாக, 78 என்று போட்டு இருக்கின்றன. பூஞ்சை பிடித்திருக்கிறது. இந்தப் பிளேயரில் 78 இல்லை. 45-ல் ஓட்டிப் பதிவு செய்து வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாமா? எல்.பி.யைத் துடைக்கும் ஆல்கஹால் கலவையால் துடைக்கலாமா?

அரக்குத்தட்டு:

ஆல்கஹால் மட்டும் வேண்டவே வேண்டாம். அவை அரக்கால் ஆனவை, ஆல்கஹாலில் கரைந்துவிடும். துடைத்த இடத்தில் பாட்டே இருக்காது. காய்ச்சி வடித்த தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு துளி விட்டு, மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடுவில் இருக்கும் லேபிளில் ஈரம் படக் கூடாது. ஊற வைக்காமல் உடனே நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் செங்குத்தாக நிறுத்திக் காயவிடுங்கள்.

எல்.பி. ஊசியை அவற்றில் வைக்காதீர்கள். 78-இன் பள்ளம் அகலம், அதற்கு 3 மில் ஊசி வேண்டும் (மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உங்களுடையது ஒரு மில்லுக்கும் குறைவு, பள்ளத்தின் அடியில் போய்ப் புழுதியில் உராயும். ஊசியும் கெடும், தட்டும் கெடும். உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு 78 ஊசி தனியாகக் கிடைக்கிறதா பாருங்கள். கிடைத்தால் நீங்கள் சொன்னபடி 45-ல் ஓட்டிப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் 1.73 மடங்கு வேகம் கூட்டலாம், அதில் தவறில்லை. அதுவரை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். லேபிள்களைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், எந்தக் கம்பெனி, எந்த வரிசை எண் என்று பார்த்துச் சொல்கிறேன்.