சரிகைக் கரை ஈஷுது, அரக்கு வெளுக்குது: லிப்வெப்பியில் என்ன மாத்தணும்?

தறிமுனை:
தி.நகர் பட்டுப் புடவைக் கடைத் தளத்துக்கான படங்கள். ஐபோனில் எடுத்த 4032 × 3024 ஜேபெக். வெப்பி (WebP) பட வடிவத்துக்கான லிப்வெப்பி லைப்ரரியோட வர்ற சிவெப்பி (cwebp) கருவியில அகலம் 1200, தரம் 75 வச்சு மாத்துறேன். மூணு தொல்லை. மாம்பழ மஞ்சள் உடலும் அரக்குக் கரையும் சேர்ற இடத்துல டெம்பிள் பார்டரோட பல்லு கூர் மழுங்கி, பழுப்பா ஈஷிக்குது. தரத்தை 95 ஆக்கினா ஃபைல்தான் பெருக்குது, ஈஷல் அப்படியே. அடுத்து, சிவப்பு வெளுக்குது. போனை நிமிர்த்திப் பிடிச்சு எடுத்த படங்கள் மட்டும் படுத்துக்குது. லைப்ரரியையே மாத்தணுமா?

பிக்சல்குருவி:
வேண்டாம். ஈஷலுக்குக் காரணம் தரம் இல்ல, 4:2:0, அதாவது நிறத் தகவலைக் குறைச்சு வைக்கிற முறை. வெப்பியோட லாஸி (கொஞ்சம் தகவலை இழந்து சுருக்குற) முறையில வெளிச்சம் ஒவ்வொரு புள்ளிக்கும் தனியா இருக்கும். நிறம் மட்டும் 2 × 2, அதாவது நாலு புள்ளிக்கு ஒண்ணுதான். இதை மாத்த வழியே கிடையாது. 1200 அகலப் படத்துல நிறத்துக்கு 600தான் மிச்சம். பல்லோட முனை ரெண்டு மூணு புள்ளி அகலம்னா மஞ்சளும் அரக்கும் ஒரே கட்டத்துல விழுந்து சராசரியாகிடும். 95 வச்சாலும் அந்தச் சராசரியைத்தான் துல்லியமா சேமிக்கும்!

'ஷார்ப் ஒய்யூவி' ஆப்ஷனைப் போடுங்க. திரும்ப விரிச்சா மூலத்துக்குக் கிட்ட வர்ற மாதிரி மதிப்புகளைத் திருத்தித் திருத்திக் கணக்குப் போடும். நேரம் கூடும், ஆனா பல்லு தெரியும். போதலைன்னா அகலம் 1800, தரம் 65 வச்சுப் பாருங்க. சின்னப் படத்தை உயர் தரத்துல வைக்கிறதைவிட புடவைக்கு இது மேல்.

அடையாறு_ஆலமரம்:
மத்த ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான். சொல்லாத வரைக்கும் சிவெப்பி மெட்டாடேட்டா (படத்தோட சேர்ந்து வர்ற குறிப்புகள்) எதையும் கொண்டுபோகாது. ஐபோன் படம் டிஸ்ப்ளே பி3ங்கிற அகலமான நிறவெளி. அதைச் சொல்ற ஐசிசி ப்ரொஃபைல் (நிறக் குறிப்பு) உதிர்ந்தா பிரவுசர் அதே எண்களை வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறவெளின்னு படிக்கும், அரக்கு வெளுக்கும். படத்தை எந்தப் பக்கம் திருப்பணும்ங்கிற குறிப்பு எக்சிஃப்ங்கிற மெட்டாடேட்டா பகுதியில இருக்கு. அதுவும் போச்சு, சிவெப்பி தானா திருப்பவும் திருப்பாது.

மெட்டாடேட்டா ஆப்ஷனுக்கு 'ஐசிசி' கொடுத்தா நிறம் திரும்பிடும். 'ஆல்' கொடுக்காதீங்க, லொகேஷன் பதிவாகியிருந்தா படம் எடுத்த இடமும் சேர்ந்து தளத்துக்குப் போகும். இதைவிடச் சுத்தமான வழி, லிப்விப்ஸ்ங்கிற இன்னொரு பட லைப்ரரியோட விப்ஸ்தம்ப்நெயில் கருவி. தானே திருப்பும், ஏற்றுமதி ப்ரொஃபைலா எஸ்ஆர்ஜிபி சொல்லிட்டா நிறத்தையும் மாத்திடும். வெளியீட்டுப் பெயருக்குப் பின்னால அடைப்புக்குள்ள தரம் 82-ஓட 'ஸ்மார்ட் சப்சாம்பிள்' சேர்த்துடுங்க, ஷார்ப் ஒய்யூவிக்கு அங்க அதுதான் பேரு.

தறிமுனை:
நிறம், திசை ரெண்டும் சரியாச்சு. பல்லும் தெரியுது. முந்தியைப் பெருசாக்கிக் காட்டுற படத்துல மட்டும் சரிகைப் புட்டா ஓரம் இன்னும் லேசா கசியுது. மூலப் படமே 4:2:0னு பார்த்தேன், அதனாலயா?

பிக்சல்குருவி:
மூலத்தைக் குத்தம் சொல்ல முடியாது. 4032-ல நிறத்துக்கு 2016 இருக்கு, 1200-க்குத் தாராளம். திரும்பப் பாதியாக்குறது வெப்பிதான். அந்த ஒரு படத்துக்கு மட்டும் ஏவிஃப் (AVIF, இன்னொரு பட வடிவம்) போடுங்க. முதல்ல 1200-க்குச் சுருக்கி பிஎன்ஜியா எடுங்க, அப்புறம் லிப்ஏவிஃபோட ஏவிஃப்என்க் கருவியில 4:4:4 (ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம்) கேளுங்க. ஜேபெக்கை நேரா கொடுத்தா மூலத்தோட 4:2:0-வையே எடுத்துக்கும். பக்கத்தோட HTML-ல வர்ற பிக்சர் டேக்ல ஏவிஃப் முன்னாடி, வெப்பி அடுத்து.

அடையாறு_ஆலமரம்:
நெசவாளர்கள் அனுப்புற வெப்பி படங்களையும் சர்வர்ல திறக்கிறீங்கன்னா லிப்வெப்பி 1.3.2 அல்லது அதுக்கு மேலயான்னு பார்த்துக்குங்க. அதுக்கு முந்தினதுல லாஸ்லெஸ் (இழப்பில்லாத) படத்தைத் திறக்கிற டிகோடரோட ஹஃப்மன் அட்டவணையில நினைவக எல்லையை மீறுற பாதுகாப்பு ஓட்டை, 2023 செப்டம்பர்ல அடைச்சது. படத்தை வாட்ஸ்அப்ல அனுப்பினா டாக்குமென்டா அனுப்பச் சொல்லுங்க. போட்டோவா வந்தா அங்கயே ஒரு தடவை நசுங்கிடும், அப்புறம் இங்க எந்த ஆப்ஷன் போட்டும் பல்லு திரும்ப முளைக்காது.