உடல் ஸ்கேனர்: படத்தை மறைத்தால் போதுமா?
(ஓடுதளம், கண்ணாடிச்சுவர், தாழை என்ற புனைபெயர்களில் மூன்று பேரின் விவாதம்)

ஓடுதளம்:
84 விமான நிலையங்களில் உடல் ஸ்கேனர் வைக்கச் சொல்லி விமானப் பாதுகாப்பு அமைப்பான பிசிஏஎஸ் உத்தரவு போட்டது 2019-இல். 2020 மார்ச் வரை கெடு. அது தாண்டியும் வேலை இழுத்துக்கொண்டே போனது. இன்னும் பலர் "நிர்வாணப் படம் எடுக்கும் மெஷின்" என்றே பயப்படுகிறார்கள். அது உடலில் பட்டுச் சிதறும் எக்ஸ்ரேயால் படம் எடுத்த பழைய பேக்ஸ்கேட்டர் மெஷின். உடலை மறைக்கும் மென்பொருளைத் தயாரிப்பு நிறுவனம் கெடுவுக்குள் தர முடியாததால், 2013-லேயே அமெரிக்க விமான நிலையங்களிலிருந்து அகற்றிவிட்டார்கள். இப்போது இருப்பது மில்லிமீட்டர் அலை, எக்ஸ்ரே இல்லை, ஒருவகை ரேடியோ அலை. துணியைக் கடந்து தோலில் பட்டுத் திரும்பும். திரையில் எல்லோருக்கும் ஒரே பொம்மை உருவம், சந்தேகம் உள்ள இடத்தில் மட்டும் மஞ்சள் கட்டம்.

இது ஏன் வேண்டும் என்றால், 2009 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் போன விமானத்தில் ஒருவன் உள்ளாடையில் பிஇடிஎன் வெடிமருந்தைத் தைத்து ஏறினான். மெட்டல் டிடெக்டர் அதற்குக் கத்தாது.

கண்ணாடிச்சுவர்:
பொம்மை திரையில்தானே சார்? உள்ளே வரும் அலைத் தரவு உங்கள் உடலுடையதுதான். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏ 2008-இல் கொடுத்த கொள்முதல் விவரக்குறிப்பிலேயே, மெஷினைச் சோதித்துப் பார்க்கும் 'டெஸ்ட் மோடில்' படத்தைச் சேமிக்கவும் வெளியே எடுக்கவும் வசதி கேட்டிருந்தது. 2010-இல்தான் அது வெளியே வந்தது. அதே வருடம் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நீதிமன்ற ஸ்கேனரில் 35,000-க்கு மேற்பட்ட படங்கள் சேமிக்கப்பட்டிருந்ததும் தெரிந்தது.

ஓடுதளம்:
அது நீதிமன்ற வாசல், மெஷினும் வேறு ரகம், படமும் மங்கல். விமான நிலையத்துக்கு வரும் மெஷினில் அந்த வசதியை முடக்கித்தான் அனுப்புகிறோம் என்று டிஎஸ்ஏ சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கண்ணாடிச்சுவர்:
சொல்கிறேன். முடக்கியதை யார் சரிபார்ப்பது? அங்கே தகவல் உரிமைச் சட்டத்தில் வழக்குப் போட்டு ஆவணங்களை வாங்கினார்கள். இங்கே விமான நிலையத்தில் சோதனை செய்யும் சிஐஎஸ்எஃப், ஆர்டிஐ சட்டத்திலிருந்து விலக்கு பெற்ற அமைப்புகளின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் தவிர வேறு எதையும் கேட்க முடியாது.

தாழை:
இரண்டு பேரும் படத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். பயணியைத் தொடுவது தப்பு அலாரம். இடுப்பில் கொசுவம் ஐந்தாறு மடிப்பு. பார்டரில் உலோகச் சரிகை, கொண்டைக்குள் ஊசிகள், முதுகில் வியர்வை. எல்லாமே அலையைக் குழப்பும். ஒவ்வொரு மஞ்சள் கட்டத்துக்கும் ஒரு கை உடம்பில் படும். பல மாடல்களில் ஆளைப் பார்த்து ஆண் அல்லது பெண் பொத்தானை ஊழியர் அழுத்த வேண்டும். திருநங்கையர் வந்தால் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் மார்பிலோ தொடையிடுக்கிலோ கட்டம் விழ வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் இதை மாற்றப்போவதாக அறிவித்ததே 2022-இல்தான்.

ஓடுதளம்:
மேடம், இப்போது மட்டும் என்ன நடக்கிறது? திரைத் தடுப்புக்குள் பெண்கள் அனைவருக்கும் முழுத் தடவல் சோதனை. ஸ்கேனர் பத்தில் நான்கு முறை தப்பாகக் கத்தினாலும், மீதி ஆறு பேரை யாரும் தொட வேண்டியதில்லையே. செயற்கைக் கால் உள்ளவர்களையும் நினைத்துப் பாருங்கள். நடிகை சுதா சந்திரன் ஒவ்வொரு முறையும் காலைக் கழற்றச் சொல்வதாக 2021-இல் வீடியோ போட்ட பிறகுதான் சிஐஎஸ்எஃப் மன்னிப்புக் கேட்டது.

தப்பு அலாரத்தில் ஒரு பகுதியைப் பயணியே குறைக்கலாம். இது உலோகத்தை மட்டும் தேடும் மெஷின் இல்லை. கைக்குட்டை, டிஷ்யூ, போர்டிங் பாஸ்கூட உடுப்புப் பாக்கெட்டில் இருக்கக் கூடாது. கால் தடத்தில் நின்று, கையைத் தூக்கி, அசையாமல் இருக்க வேண்டும்.

தாழை:
கட்டம் விழுந்த இடத்தை மட்டும் தொட்டால் உங்கள் கணக்கு சரி. அலாரம் வந்ததும் தலை முதல் கால் வரை மறுபடி தடவினால் பயணிக்கு இரண்டு சோதனை. அந்த வரம்பை நடைமுறை விதியில் எழுதட்டும். தோளைத் தூக்க முடியாதவருக்கு, ஸ்கேனரே வேண்டாம் என்பவருக்கு, கைச்சோதனை கேட்கும் உரிமை இருக்கட்டும். உடலின் எந்தப் பகுதியில் எத்தனை தப்பு அலாரம் என்று மாதாமாதம் வெளியிடட்டும். அதற்கு ஒரு படமும் தேவையில்லை.

ஓடுதளம்:
எண்ணிக்கை வெளியிடலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சேலைக்கான தப்பு அலாரத்தைக் குறைக்க, சேலை கட்டியவர்களின் மூலத் தரவு மென்பொருளுக்கு வேண்டும். சேமிக்கவே கூடாது என்றால் எங்கிருந்து வரும்?

கண்ணாடிச்சுவர்:
ஆய்வகத்தில், சம்மதித்து வரும் தன்னார்வலர்களிடமிருந்து. வரிசையில் நிற்கும் பயணியிடமிருந்து அல்ல.

ஓடுதளம்:
ஏசி ஆய்வகத்தில் மீனம்பாக்கத்து மே மாத வியர்வை கிடைக்காது.

கண்ணாடிச்சுவர்:
அப்படியானால் மீனம்பாக்கத்திலேயே தனி வரிசை போடுங்கள். கையெழுத்திட்டவர் மட்டும் அதில் வரட்டும். அந்த மெஷின் பாதுகாப்புச் சோதனைக்குப் பயன்படக் கூடாது. மற்ற மெஷின்களில் யுஎஸ்பி துளைக்கு முத்திரை, சேமிப்பு முறையைத் திறக்க இரண்டு பேரின் கடவுச்சொல், யார் எப்போது திறந்தார் என்ற பதிவு. அந்தப் பதிவை சிஐஎஸ்எஃப்பும் விமான நிலைய நிறுவனமும் அல்லாத ஒருவர் பார்க்க வேண்டும். இதற்குச் சம்மதமா?

ஓடுதளம்:
தனி வரிசைக்குச் சம்மதம். வெளியாள் தணிக்கைக்கு இல்லை. எந்த அளவு பொருளை மெஷின் தவறவிடும் என்பதும் அந்தப் பதிவோடு வெளியே போய்விடும்.