எச்டிஆரில் ஆற்றுத் தண்ணீர் மட்டும் சொதப்புகிறது

கேள்வி: கேமராவை முக்காலியில் வைத்து -2 (இருட்டாக), 0 (இயல்பாக), +2 (வெளிச்சமாக) என ஒரே காட்சியை மூன்று எக்ஸ்போஷரில் எடுத்து, லைட்ரூம் மென்பொருளில் ஒரே எச்டிஆர் படமாக இணைத்தேன். வானம் அருமை, ஆனால் அலைகள் இரட்டை இரட்டையாகத் தெரிகின்றன, மரங்களைச் சுற்றி வெள்ளை வளையம் வேறு. என்ன செய்யலாம்?

பதில்: மூன்று படத்துக்கும் நடுவில் தண்ணீர் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, அதனால்தான். இணைக்கும்போது டீகோஸ்ட்டை (அசைந்தவை இரட்டையாகத் தெரிவதைக் குறைக்கும் வசதி) 'ஹை'யில் வையுங்கள். அப்படியும் போகாவிட்டால் ஃபோட்டோஷாப்பில் 0 படத்தின் தண்ணீரை மட்டும் மாஸ்க் போட்டு (மற்ற பகுதிகளை மறைத்து) இணைத்த படத்தின் மேலே வைத்துவிடுங்கள், நான் எப்போதும் அப்படித்தான்.

இன்னொரு பதில்: ஷேடோஸ் ஸ்லைடரை (இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்குவது) +100 போட்டிருப்பீர்களே? வளையம் அங்கேதான் வரும். அப்புறம், நீரில் விழும் பிம்பம் வானத்தைவிடக் கொஞ்சம் இருட்டாகத்தான் இருக்கும், அதைப் பளிச்சென்று ஆக்கினால் படம் பொய்யாகிவிடும்.

கேட்டவர்: +100தான், மாட்டிக்கொண்டேன்! 40க்கு இறக்கினேன், வளையம் போயே போச்சு.